அப்பாவின் சதுரக்கோட்டுக் கொப்பி

அப்பா யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியர். 1987இல் ரொறன்ரோ வந்தபோது கிடைத்தது கோப்பை கழுவும் வேலை. பிறகு ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் 19 வருடம் இரவு வேலை. "கனேடிய அனுபவம் இருக்கா?" என்ற கேள்வியிலேயே அவருடைய பட்டம் செத்துப்போனது. அந்தக் கேள்வி பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இல் சொன்னது. அப்போது அப்பா பென்ஷன் எடுத்துவிட்டார்!

அதிகாலை மூன்று மணிக்கு ஆறிப்போன சோறும் மீன்குழம்பும், மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியும். 46 வயதில் சீனி வருத்தம் வந்தது. ஆள் மெலிவுதான், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 24. தெற்காசிய உடம்புக்கு 23இலேயே ஆபத்து கூடத் தொடங்கும் என்று எங்களுக்கு அப்போது யார் சொன்னார்கள்?

விரலில் குத்திப் பார்த்த அளவுகளைச் சதுரக்கோட்டுக் கொப்பியில் எழுதி, மாத முடிவில் சராசரி எடுத்து அதன் கீழே இரண்டு கோடு போடுவார். டொக்டரிடம் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். அதனால் பாதித் தவணைகளுக்குப் போகவில்லை.

எனக்கு அலுவலக வேலை, சம்பளத்தோடு லீவு. போன மாதம் எச்பிஏ1சி, அதாவது இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு, 6.1 வந்தது; சீனி வருத்தத்துக்கு முந்தின படி. சொன்னேன். அப்பா கண்ணாடியைத் தேடினார்.

"போன முறை எவ்வளவு, தம்பி?"