டாக்சிக்காரர் தின்ற ஃப்ரைடு ரைஸ்

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து புக்கிட் பிந்தாங் போக டாக்சிக்கு 40 ரிங்கிட்! மீட்டர் போடச் சொன்னால் "ஜாம், ஜாம்" என்று ரோட்டைக் காட்டுகிறார் மனுஷன். கிட்டத்தட்ட 800 ரூபாய். நாங்கள் சிக்னலில் கிடந்தபோது தலைக்கு மேலே மோனோரயில் இரண்டு தடவை தாண்டிப் போனது. அதில் போயிருந்தால் சில ரிங்கிட்டோடு முடிந்திருக்கும். கோலாலம்பூர் போகிறவர்கள் தயவுசெய்து அதில் போங்கள்.

போனது எதற்கு என்றால், அங்கிள் ரோஜர் கடையைப் பார்க்க. நைஜல் இங் என்ற மலேசிய நகைச்சுவையாளர்தான் ஆரஞ்சு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு அங்கிள் ரோஜர் ஆகிறார். பிபிசியில் ஹெர்ஷா பட்டேல் செய்து காட்டிய முட்டை ஃப்ரைடு ரைஸை 2020இல் ஒரு யூடியூப் வீடியோவில் கிழித்துத் தொங்கவிட்டு உலகப் புகழ் அடைந்தவர். 2024இல் பெவிலியன் மாலில் சொந்தக் கடையே திறந்துவிட்டார். வாசல்வரை போனேன். அன்றைய சாப்பாட்டுக் காசை டாக்சிக்காரர் ஏற்கெனவே தின்றுவிட்டதால் ஒரு போட்டோவோடு திரும்பினேன்.

எனக்கு அங்கிள் ரோஜர்மேல் ஒரு பழைய கோபமும் உண்டு. அந்த ஹெர்ஷா பட்டேல் சோற்றை வடிகட்டியில் கொட்டியதும் இவர் அலறினார், ஊரே சிரித்தது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் உலை வைத்து, பானையைச் சாய்த்து, கஞ்சி வடித்துத்தான் சோறு. அப்போ என் அம்மாவும் ஜோக்கா? வெந்த சோற்றைக் குழாயடியில் கழுவியதற்குத் திட்டட்டும், நானும் சேர்ந்து திட்டுகிறேன். வடித்தது என்ன பாவம்? ஆனால் பிரிட்டிஷ் சமையல்காரர் ஜேமி ஆலிவர் ஃப்ரைடு ரைஸில் மிளகாய் ஜாமைப் போட்டபோது அங்கிள் ரோஜர் நாற்காலிமேல் வைத்திருந்த காலைக் கீழே இறக்கினாரே, அது நியாயம்.

அங்கிள் ரோஜராக அவர் வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் பேசும் ஆங்கில உச்சரிப்பும் எனக்கு ஒட்டவில்லை. ஆசியர்களைக் கேலிப்பொருள் ஆக்குகிறார் என்று சிலர் சொல்வது இங்கே வந்த பிறகுதான் உறைத்தது. பக்கத்து மேசைக்காரர்கள் "கேன் லா, கேன் லா" (முடியும்பா) என்று மலேசிய ஆங்கிலத்தில் எவ்வளவு அழகாகப் பேசுகிறார்கள்! ஒருவரிடமும் அந்த இழுவை இல்லை.

பக்கத்து மேசை என்றது மாலுக்குப் பின்னால் ஒரு சந்துக் கடையில். பெயர்ப் பலகைகூடக் கிடையாது. பனியன் போட்ட பெரியவர் ஒருவர். வாணலிக்கு அடியில் அடுப்பு ஜெட் விமானம் மாதிரி இரைகிறது. முட்டை இரண்டு, பூண்டு, சோறு. கரண்டி முதுகால் கட்டியை உடைத்து, வாணலியை ஒரு உதறு உதறினார். சோறு தீக்குள் போய்ப் பருக்கை பருக்கையாகத் திரும்பி வந்தது. அப்புறம் டப்பாவிலிருந்து வெள்ளைத் தூள், ஒளிவு மறைவே இல்லாமல். நம் ஊரில் அஜினோமோட்டோ என்றால் விஷம் மாதிரி பதறுவோம். 1908இல் ஜப்பானில் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த உப்பு அது. அங்கிள் ரோஜர் அதைச் சுவையின் ராஜா என்பார். ராஜாதான், ஒத்துக்கொள்கிறேன். தீய்ந்த வாசனையும் முட்டையும் நாக்கில் நிற்க, தட்டை வழித்துத் தின்றேன்.

ஃப்ரைடு ரைஸுக்கு முந்தின நாள் சோறுதான் வேண்டும் என்பது அங்கிள் ரோஜர் கட்சி. பெரியவரிடம் "நேற்றுச் சோறா?" என்று சைகையில் கேட்டேன். சிரித்துக்கொண்டே மூலையைக் காட்டினார். காலையில் பொங்கிய சோறு தட்டில் பரப்பி வைத்திருக்க, எதிரே ஒரு டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

11 ரிங்கிட். மறுபடி ஒரு பிளேட் சொன்னேன். திரும்பும்போது மோனோரயில்.