பழைய தட்டை விட்டு நகர மறுத்த 100 எம்பி

கணினிப் பெட்டிக்குள் இருந்த 1 டிபி வன்தட்டைக் கழற்றி மேசைமீது வைத்துவிட்டு, அது இல்லாமலேயே விண்டோஸ் தொடங்குவதை நேற்றிரவு ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய வேலை இது. எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் மின்விசிறியை நிறுத்தினால் அந்தத் தட்டின் 'டக் டக்' ஒலி சமையலறை வரை கேட்கும் நிலை வந்திருந்தது. தட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதாகி மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (சிறு சேமிப்புப் பகுதிகளின்) எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது. அதில் காப்பாற்ற வேண்டிய கோப்பு எதுவும் இல்லை. விண்டோஸ் முழுவதும் என்விஎம்இ எஸ்எஸ்டி என்ற வேகமான சில்லுச் சேமிப்பில்தான் இருக்கிறது. ஆனாலும் பழைய தட்டின் கேபிளை உருவினால் கணினி நேராக பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குப் போய் நின்றுவிடும்.

குற்றம் என்னுடையதே. 2021இல் எஸ்எஸ்டியைப் பொருத்தி விண்டோஸைப் புதிதாக நிறுவியபோது பழைய தட்டைக் கழற்றி வைக்கச் சோம்பல்பட்டேன். வேறொரு தட்டில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் (கணினியைத் தொடக்கிவைக்கும் பூட் கோப்புகளுக்கான தனிப் பகுதி) ஏற்கெனவே இருந்தால், நிறுவும் நிரல் தனியாக ஒன்றை உருவாக்காமல் அதிலேயே பூட் கோப்புகளை வைத்துவிடுகிறது.

எஸ்எஸ்டியிலேயே அப்படியொரு பார்ட்டிஷனை அமைப்பதுதான் தீர்வு. அதற்கு இடம் ஒதுக்க, விண்டோஸ் இருக்கும் சி டிரைவைச் சுருக்குவதிலேயே முதல் ஞாயிறு போயிற்று. 512 பைட் செக்டர் கொண்ட தட்டுக்கு 100 எம்பி போதும் என்றாலும், 4 கேபி செக்டர் கொண்ட தட்டில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு வேண்டிய ஃபேட்32 கோப்பு வடிவம் 260 எம்பிக்குக் கீழே இறங்காது என்பதால், எதற்கும் இருக்கட்டும் என்று 300 எம்பி கேட்டேன். 400 ஜிபி காலியாகக் கிடந்தும், சுருக்கக்கூடிய அளவு 0 எம்பி என்றே விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவி காட்டியது. ஹைபர்னேஷனை நிறுத்தினேன், சிஸ்டம் ரெஸ்டோரையும் நிறுத்தினேன், பயனில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 259 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடிப் படித்த பிறகுதான், நகர்த்த முடியாத கடைசிக் கோப்பு, தட்டில் நடக்கும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் யுஎஸ்என் ஜர்னல் என்று தெரிந்தது. அதை எஃப்எஸ்யூட்டில் கட்டளையால் நீக்கியதும் இடம் கிடைத்தது.

உண்மையான வம்பு இதற்குப் பின்னரே தொடங்கியது. படம் பார்த்துச் செய்யலாமே என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே அந்த 300 எம்பியை ஃபேட்32 வடிவில் அமைத்து, எஸ் என்ற எழுத்தைக் கொடுத்து, பூட் கோப்புகளை உருவாக்கும் பிசிடிபூட் கட்டளையை இயக்கினேன். பூட் கோப்புகள் வெற்றிகரமாக உருவாக்கப்பட்டன என்ற செய்தி வந்தது. மறுதொடக்கம் செய்தேன், விண்டோஸும் வந்தது. முடிந்தது என்று நினைத்துத் தேநீர் போட எழுந்தவன், பழைய தட்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்பதை நினைத்துத் திரும்பி வந்து, டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் வால்யூம் (பார்ட்டிஷன்) பட்டியலை எடுத்தேன். மைக்ரோசாஃப்ட்டின் பெயர்சூட்டல் ஒரு வேடிக்கை: பூட் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷனுக்கு அது 'சிஸ்டம்' என்றும், விண்டோஸ் சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனுக்கு 'பூட்' என்றும் பெயர் வைத்திருக்கிறது. அந்தச் 'சிஸ்டம்' என்ற சொல் பழைய தட்டின் 100 எம்பி பார்ட்டிஷனுக்கு எதிரிலேயே அசையாமல் நின்றது. கேபிளை உருவிப் பார்த்தேன். மறுபடியும் பயாஸ் திரை.

பிசிடிபூட்டை நான்கு முறையாவது மீண்டும் இயக்கியிருப்பேன். இலக்கு டிரைவின் எழுத்தை நாமே குறிப்பிட்டு அதை இயக்கினால், மதர்போர்டின் நினைவகத்தில் புதிய பூட் பதிவு எழுதப்படாது என்றும், பார்ட்டிஷனுக்குள் இருக்கும் இயல்பான பூட் கோப்பை ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்) தானாகத் தேடி எடுத்துக்கொள்ளும் என்றும் மைக்ரோசாஃப்ட் ஆவணத்தில் படித்தேன். அப்படியானால் கோப்பு இருந்தும் ஃபர்ம்வேர் ஏன் தேடவில்லை என்ற கேள்வியோடு இரண்டாம் ஞாயிறும் கழிந்தது.

விடை பார்ட்டிஷனின் வகையில் இருந்தது. ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்ட தட்டில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் 32 இலக்க வகைக் குறியீடு ஒன்று உண்டு. டிஸ்க்பார்ட்டில் விவரம் கேட்டபோது என்னுடையது 'ஈபிடி0ஏ0ஏ2' என்று தொடங்கியது. அது சாதாரணத் தரவுப் பார்ட்டிஷனின் குறியீடு. இஎஃப்ஐ பார்ட்டிஷனுடையதோ 'சி12ஏ7328' என்று தொடங்க வேண்டும். உள்ளே எல்லாக் கோப்புகளும் சரியாக இருந்தும், வாசலில் தவறான பலகை தொங்கியதால் என் ஃபர்ம்வேர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிஸ்க்பார்ட்டிலேயே குறியீட்டை மாற்றி, பிசிடிபூட்டை ஒருமுறை இயக்கி, கணினியை முழுவதும் அணைத்துக் கேபிளை உருவினேன். விண்டோஸ் வந்தது. பட்டியலில் 'சிஸ்டம்' என்ற சொல்லும் எஸ்எஸ்டிக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டது. பார்ட்டிஷனைத் தொடக்கத்திலேயே டிஸ்க்பார்ட்டில் இஎஃப்ஐ வகையாக உருவாக்கியிருந்தால் ஐந்து நிமிட வேலை. தட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கரைப் பயன்படுத்துவோர் தொடங்கும் முன் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதி வைத்தேன், தேவைப்படவில்லை.

இடையில் பழைய தட்டை வெளியிலிருந்து இணைக்க ஒரு யுஎஸ்பி பெட்டி வாங்க, மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்துக்குப் போய் வந்தேன். 3.5 அங்குலத் தட்டுக்கு 12 வோல்ட் தேவை என்பதால், தனி மின் இணைப்பு உள்ள பெட்டிதான் உதவும். முதலில் ஏறிய கடையில் 2.5 அங்குலப் பெட்டியை எடுத்து நீட்டினார்கள், நல்லவேளையாகப் பணம் கொடுக்கும் முன் கவனித்தேன். மேல்தளத்தில் ஒரு சிறிய கடையில் 32 வெள்ளிக்குச் சரியானது கிடைத்தது. எஸ்எஸ்டியைப் பொருத்தும் எம்.2 திருகாணிகளையும் அங்கேயே சில்லறையாக வாங்கிக்கொண்டேன், ஏனெனில் அடுத்து இரண்டாவது எஸ்எஸ்டியில் லினக்ஸ் நிறுவும் எண்ணம் இருக்கிறது. அப்போது முதலாவதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நிறுவுவேன்.

பழைய தட்டை மின்கழிவுத் தொட்டியில் போட இன்னும் முடியாது. விண்டோஸ் பழுதானால் சரிசெய்ய உதவும் மீட்புச் சூழலின் நிலையை ரீஏஜென்ட்சி கட்டளையால் பார்த்தால், அதன் கோப்பும் பழைய தட்டிலேயே இருந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு அந்தத் தட்டை ஒருமுறை பழைய இடத்திலேயே பொருத்தி, மீட்புச் சூழலை முடக்கி, கோப்பு சி டிரைவுக்குத் திரும்பியதைக் கண்ணால் பார்த்த பிறகே அழிக்கப்போகிறேன். அதுவரை அது மேசைமீதே இருக்கும்.