காவேரிப்பட்டினத்தில் ஒரு நேண்ட் கேட் கட்டிய கதை

காவேரிப்பட்டினத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எத்தனையோ ஐசிகளை (சிப்களை) கழற்றி மாட்டியாகிவிட்டது. ஆனால் 0, 1 இன்புட்டைப் பார்த்து 0 அல்லது 1 அவுட்புட் கொடுக்கும் லாஜிக் கேட் என்று படம் போடுகிறார்களே, அது சிலிக்கானுக்குள் எப்படி இருக்கும் என்பது மட்டும் பிடிபடவில்லை. கையாலேயே ஒன்று கட்டிப் பார்க்கலாம் என்று, பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போனபோது சிடி 4007 என்ற ஐசி இரண்டு வாங்கி வந்தேன்.

இந்த ஐசிக்குள் மூன்று ஜோடி ட்ரான்சிஸ்டர்கள்தான் இருக்கின்றன. ஜோடிக்கு ஒரு பி வகை, ஒரு என் வகை. ட்ரான்சிஸ்டரைத் திறந்து மூடும் முனைக்கும் கேட் என்றுதான் பெயர்; இரண்டின் கேட் முனையும் ஒரே காலில் சேர்ந்திருக்கும். அங்கே வோல்டேஜ் ஏறினால் என் வகை திறக்கும் (கரண்ட் ஓடும்), பி வகை மூடும். இறங்கினால் தலைகீழ்.

இரண்டு இன்புட்டும் 1 (சப்ளை வோல்டேஜ்) ஆனால் மட்டும் அவுட்புட் 0 (கிரவுண்ட்) ஆவதுதான் நேண்ட் கேட்; அதற்கு இரண்டு ஜோடி போதும். சப்ளையிலிருந்து அவுட்புட் வரை பி வகை இரண்டும் பக்க இணைப்பில். அவுட்புட்டிலிருந்து கிரவுண்ட் வரை என் வகை இரண்டும் தொடர் இணைப்பில். ஐசியின் கால் எண்படி 14 சப்ளை, 7 கிரவுண்ட். 2-ஐ 14-உடனும் 8-ஐ 4-உடனும் சேர்த்தேன். 13, 1, 5 சேரும் இடம் அவுட்புட். இன்புட் 6, 3. சும்மா இருந்த மூன்றாவது ஜோடியின் கேட் முனை 10-ஐ கிரவுண்டில் கட்டிவிட்டேன்.

அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு எல்இடி மாட்டி, 9 வோல்ட் பேட்டரி கொடுத்தேன். இரண்டு இன்புட்டும் சப்ளையில் இருக்கும்போது எல்இடி அணைந்திருந்தது. சரி. ஒரு இன்புட் வயரை உருவினேன். எரிய வேண்டியது எரியவில்லை. கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் மினுக்கியது. ஐசியை மாற்றியும் அதே கதை. அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: உருவிய வயர் 0 ஆகிவிடாது. கேட் முனைக்கும் அதன் கீழே உள்ள சிலிக்கானுக்கும் நடுவே சிலிக்கான் டை ஆக்சைடு படலம், கண்ணாடி மாதிரி. ஏறிய மின்னூட்டம் இறங்க வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. இன்புட் எதையும் தொடுவதில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தே பாதையைத் திறந்து மூடுகிறது! இரண்டு இன்புட்டிலிருந்தும் கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டதும் ஒழுங்காயிற்று.

அப்புறம் எல்இடியைக் கழற்றிவிட்டு, 14-ஆம் காலுக்குப் போகும் வயரில் மீட்டரை மைக்ரோ ஆம்பியரில் வைத்தேன். 0. மேலே திறந்தால் கீழே மூடியிருக்கும், கீழே திறந்தால் மேலே மூடியிருக்கும். கேட் நிலை மாறாதவரை கரண்ட் ஓட வழியே இல்லை. 1963-ல் பொறியாளர்கள் ஃபிராங்க் வான்லாஸும் சா என்பவரும் வெளியிட்ட ஜோடி முறை இதுதான்.

கடைசியாக 10-ஐ கிரவுண்டிலிருந்து எடுத்து அவுட்புட்டில் கொடுத்து, 11-ஐ சப்ளையிலும் 9-ஐ கிரவுண்டிலும் கட்டினேன். 12-இல் ஆண்ட் கேட் (நேண்டின் தலைகீழ்) வந்தது. ஆறு ட்ரான்சிஸ்டரும் தீர்ந்தன.