முள் குத்தியது தெரியாத கால்

தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில்தான் எனக்கு முதல் வேலை. மிஷன் ஆஸ்பத்திரி. தினமும் காலையில் வார்டில் பத்து நிமிஷம் ஜெபம் நடக்கும். நர்ஸ்கள் முறை வைத்து வசனம் வாசித்து நாலு வார்த்தை பேச வேண்டும். என் முறை வந்த அன்று பைபிளில் ரோமர் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்தேன். உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும், பொறுமை பரீட்சையை, பரீட்சை நம்பிக்கையை. 23 வயதில் பொறுமையைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமே இல்லை.

ஒன்பது மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். செருப்பைக் கழற்றும்போது ஏதோ இடறியது. கருவேல முள். ரப்பரைத் துளைத்து, உள்ளங்காலுக்குள் அரை அங்குலம் ஏறியிருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து அதை மிதித்தபடியே நடந்து வந்திருக்கிறார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"வலிக்கலையா தாத்தா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வலிச்சா நான் ஏன் சிஸ்டர் இங்க வர்றேன்?" என்றார். அப்புறம், கோபமே இல்லாமல், "காலையில சொன்னீங்களே, கஷ்டம் வந்தா பொறுமை வரும்னு. எனக்குக் கஷ்டம் வந்துச்சு, பொண்டாட்டி விட்டுட்டுப் போனா. பொறுமை மட்டும் வரலை."

தலையைக் குனிந்து, வாளித் தண்ணீரில் ஊறிய தடித்த தோலைச் சீவிக்கொண்டிருந்தேன். அந்த ரோமர் நிருபத்தை எழுதிய பவுல், தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டும் என்று மூன்று முறை ஜெபித்தவர். இவருக்கோ முள் குத்துவது தெரிந்தாலே போதும்.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு வந்தபின் கண்டறிந்ததும் இதைத்தான். விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி மரத்துப்போவதால், சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் திரும்பத் திரும்பக் காயப்பட்டுத்தான் கரைகின்றன. வலி ஒரு வரம் என்று அவர் சொல்லிவந்தார். எங்கள் அறையில் அது சத்தியமான வார்த்தை. ஆனால் புற்றுநோயில் இரவெல்லாம் முனகுகிறவரிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

யார் சொல்கிறார்கள் என்பதும் இருக்கிறதே. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் சிக்கி, கால்கள் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். ரோமர் ஐந்தை அவர் வாசித்தால் வார்டு கேட்டிருக்கும்.

பைபிளில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உடம்பெல்லாம் புண்ணாகக் கிடந்த யோபுவின் நண்பர்கள் மூவரும் முதலில் செய்தது சரிதான். ஏழு பகல், ஏழு இரவு அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று வாயைத் திறந்த பிறகுதான் வம்பு. கடைசியில் கர்த்தரின் கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது. நம் ஆறுதல் பிரசங்கங்கள் பெரும்பாலும் அந்த ஏழு நாளைத் தாண்டிவிட்டுத்தான் தொடங்குகின்றன. என்னுடையதும் அப்படித்தான்.

அடுத்த முறை 88-ஆம் சங்கீதத்தை வாசித்தேன். இருளிலேயே முடிகிற சங்கீதம். விளக்கம் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். மேட்ரனுக்குப் பிடிக்கவில்லை. சரி, போகட்டும்.

அன்றைக்கும் தாத்தா வந்திருந்தார். வாளியில் காலை விடும் முன் செருப்பைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்ல. எதுக்கும் நீங்களும் ஒரு தடவை பாருங்க" என்று என்னிடம் நீட்டினார்.