யார் தலையசைத்தது?

1 மார்ச் 2025, சனி. செலாயாங்

நேற்று வெளியான ‘சுழல்’ தொடரின் இரண்டாம் பாகத்தை இன்று பொழுது சாய்வதற்குள் பார்த்து முடித்துவிட்டேன். எட்டு அத்தியாயம். இடையில் எழுந்தது சோறு வடிக்க மட்டும்தான். கதிரும் ஐஸ்வர்யா ராஜேஷும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் 2022இல் வந்த முதல் பாகம் என்னை உலுக்கியது போல இது உலுக்கவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே துணி மடித்தேன்.

முதல் பாகத்தில் மயானக் கொள்ளைத் திருவிழா, எரிந்துபோன சிமெண்டு ஆலை, காணாமல்போன பெண், அவளைத் தேடும் தொழிற்சங்கத் தலைவராகப் பார்த்திபன். அந்த ஊரில் நாமும் நாலு நாள் தங்கியிருந்தோம். கடைசியில் குற்றம் வெளியிலிருந்து வரவில்லை, கூட உட்கார்ந்து சாப்பிட்ட ஆளிடமிருந்து வந்தது. வயிற்றைப் பிசைந்ததே அதனால்தான். இந்த முறை முடிச்சு பெரிது, ஆனால் அந்த மனிதர்களோடு பழக நேரம் கொடுக்கவில்லை.

2 மார்ச், ஞாயிறு

நோன்பு தொடங்கிவிட்டது. சாயங்காலம் பசார் ரமலானுக்கு, அதாவது நோன்பு மாதச் சந்தைக்கு, போய்த் தம்பி ஆயாம் பெர்சிக் என்கிற சுட்ட கோழி வாங்கி வந்தான். சாப்பிட்டபடியே, “அக்கா, ரெண்டு அடி போட்டா எவனும் உண்மையைக் கக்கிடுவான், எதுக்கு எட்டு எபிசோட்?” என்றான்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. தமிழ்த் தொடர்களில் எனக்குப் பிடிக்காத ஒன்று இதுதான். நாயகன் லாக்கப்பில் ஒருவனைப் புரட்டி எடுப்பான், பின்னணி இசை கைதட்டச் சொல்லும். இந்தியச் சட்டப்படி போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது. அப்படியிருக்க, அந்த அடி எதற்கு? பார்க்கிற நம் ஆத்திரம் தணியத்தான். லாக்கப்பில் இறந்துபோன பையன்களின் படம் நம் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும்போது நெஞ்சில் கைவைக்கிற நாமே, இரவு ஒன்பது மணிக்கு அதே அடியை ரசிக்கக் கூடாது. தம்பி பதில் சொல்லவில்லை. கோழியின் நெஞ்சுத் துண்டை என் தட்டில் வைத்தான்.

இந்த விஷயத்தில் ‘சுழல் 2’ ஒரு படி மேல். ஒரே கொலைக்கு, நான்தான் நான்தான் என்று பல பெண்கள் வந்து நிற்கிறார்கள். ஒப்புக்கொள்வது வேறு, உண்மை வேறு என்று கதையே காட்டிவிடுகிறது.

7 மார்ச், வெள்ளி

பழைய டிவிடி ஒன்றைத் தூசி தட்டி எடுத்தேன். ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’, 1979இல் பிபிசி எடுத்த ஏழு அத்தியாயத் தொடர். ஜான் லெ காரேயின் நாவல். பிரிட்டிஷ் உளவு அதிகாரி ஸ்மைலியாக அலெக் கின்னஸ்.

தொடக்கக் காட்சியை மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒரு கூட்ட அறை. நான்கு பேர் ஒவ்வொருவராக வந்து உட்காருகிறார்கள். ஒருவர் கோப்புகளை அடுக்குகிறார். ஒருவர் பைப்பைப் பற்றவைக்கிறார். ஒருவர் தேநீர்க் கோப்பையின் மேல் சாசரைக் கவிழ்த்து மூடி, சிந்தாமல் ஏந்திக்கொண்டு வருகிறார். எல்லாரும் உட்காரும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. உளவுத்துறையின் உச்சியில் ஒரு கருங்காலி இருக்கிறான், அவன் யார் என்பதுதான் முழுக் கதையும். முதல் இரண்டு நிமிடத்திலேயே ஆட்களை நம் முன்னால் வரிசையாக வைத்துவிட்டார்கள். ஒரு தோட்டா இல்லை, ஒரு கார் துரத்தல் இல்லை.

தம்பி அரை மணி நேரம் பார்த்துவிட்டு, “ஒண்ணுமே நடக்கலையேக்கா” என்று எழுந்து போனான். அம்மா போகவில்லை. ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனாலும் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

9 மார்ச், ஞாயிறு

டெல்லி சிறையில் ரஷ்ய உளவாளி கார்லாவை ஸ்மைலி விசாரிக்கும் காட்சி. கார்லாவாக நடித்திருப்பவர் பாட்ரிக் ஸ்டூவர்ட். ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்மைலிதான் பேசிப் பேசித் தன்னையே கொட்டிக்கொள்கிறார். எதிரே கல் மாதிரி ஒரு முகம். விசாரணை என்றால் இது. கேட்கிறவன்தான் அம்பலமாகிறான்.

‘தி ஃபேமிலி மேன்’ இரண்டாம் பாகத்தில் எல்லாருக்கும் பிடித்துப்போன, ஓய்வுபெற்ற உளவாளி செல்லம் சாரும் இந்த வகைதான். மொத்தமாகச் சில நிமிடங்கள்தான் வருவார். பக்கத்து வீட்டு ஓய்வூதியக்காரர் போல இருப்பார், அதனாலேயே நம்பினோம். அதே தொடரில் சமந்தாவின் முகத்துக்குக் கருமை பூசியதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. போராளிப் பெண் என்றால் நிறத்தை மாற்றித்தான் காட்ட வேண்டுமா?

15 மார்ச், சனி

அம்மாவைப் பத்துமலைக்கு அழைத்துப்போனேன். 272 படி அவரால் இனி முடியாது. கீழேயே முருகன் சிலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

இளநீர் குடிக்கும்போது லாய் டெக் கதையைச் சொன்னேன். மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர். பிரிட்டிஷ் உளவுத்துறையின் ஆளும் அவரேதான். 1942இல் சிங்கப்பூர் விழுந்ததும் ஜப்பானியர் பிடித்தார்கள், அவர்களுக்கும் வேலை பார்த்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி விடியற்காலை, இந்தப் பத்துமலைப் பக்கத்தில் கூடியிருந்த கட்சித் தலைவர்களை ஜப்பானியப் படை சுற்றி வளைத்தது. பலர் அங்கேயே செத்தார்கள். கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டிய லாய் டெக் மட்டும் வரவில்லை. அதற்குப் பிறகும் நாலரை ஆண்டு அவரையே தலைவராக வைத்திருந்தார்கள்! 1947இல் கட்சிப் பணத்தோடு மறைந்தபோதுதான் விளங்கியது. அடுத்துப் பொறுப்புக்கு வந்த சின் பெங்குக்கு அப்போது 22 வயது.

லண்டன் மழையில் நடக்கிற கதையை வாய்பிளந்து பார்க்கிறோம். நாம் காவடி எடுக்கிற மலையடியில் நடந்ததை எட்டு அத்தியாயமாக எடுக்க ஆள் இல்லை. எடுத்தால் நான் முதல் ஆளாக உட்காருவேன். சுடும் காட்சி ஒரு நிமிடம் போதும். மிச்சமெல்லாம் அந்த நாலரை ஆண்டு வேண்டும். கூட்டத்தில் அவர் பேசுவது, தோழர்கள் தலையாட்டுவது, செத்தவனின் தம்பிக்கு அவர் ஆறுதல் சொல்வது.

16 மார்ச், ஞாயிறு

நேற்றுச் சொன்னதை அம்மா மனதில் வைத்திருந்தார் போலும். காலையில் பசியாறும்போது, கேட்காமலே ரப்பர் தோட்டத்துக் கதையை எடுத்தார். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம். அம்மாவுக்கு ஏழு வயது.

காட்டிலிருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று கேட்டில் சோதனை. மரம் சீவப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு கொண்டுபோக முடியாது. கடையில் சார்டின் டின் வாங்கினால், கடைக்காரர் நம் கண்முன்னாலேயே ஆணியை வைத்து ஒரு போடு போட்டு ஓட்டையாக்கித்தான் கொடுப்பார், பதுக்கி வைக்க முடியாதபடி. எண்ணெய் ஒழுகி அம்மாவின் பாவாடையெல்லாம் சார்டின் நாற்றம். லயத்து வீட்டுக்கு ஓடிவந்தால், கெட்டுப்போவதற்குள் பாட்டி அன்றே குழம்பு வைத்துவிடுவார்.

ஒருநாள் ஆம்பளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். தலையில் சாக்கு மூடிய ஒருவன், கண்ணுக்கு மட்டும் ஓட்டை. ஒவ்வொருவர் முன்னாலும் நின்று தலையசைத்தான், அல்லது அசைக்காமல் நகர்ந்தான். தாத்தாவின் கூட்டாளி ஒருவரைக் கொண்டுபோனார்கள். சாக்குக்குள் இருந்தவன் யார் என்று பாட்டிக்குத் தெரியுமாம். “மூஞ்சியை மூடிட்டான், காலை மூடலையே” என்றாராம். பெயரை மட்டும் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கோப்பி போட்டுக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்.

22 மார்ச், சனி

‘தி அமெரிக்கன்ஸ்’ கடைசி அத்தியாயம் மட்டும் மறுபடி. 75 அத்தியாயம் பக்கத்து வீட்டுக்காரனாகப் பழகிய எஃப்பிஐ அதிகாரி, கார் நிறுத்துமிடத்தில், சோவியத் உளவாளி என்று தெரிந்துபோன நண்பனுக்கு நேராகத் துப்பாக்கி நீட்டுகிறான். சுடவில்லை. பேச்சுதான். ஆறு ஆண்டு பீர் குடித்த பழக்கம் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. அதை அவசரமாக எடுக்கவே முடியாது.

28 மார்ச், வெள்ளி

ஸ்மைலி தொடரின் கடைசி அத்தியாயத்தை அம்மாவே கேட்டுப் போடச் சொன்னார். ஆள் யார் என்று தெரிந்தபோது எனக்குத்தான் மூச்சு வாங்கியது, இத்தனைக்கும் மூன்றாவது தடவை. அம்மா அசையவில்லை.

முடிந்ததும் கேட்டேன், “பாட்டி உங்ககிட்டயாவது பேரைச் சொன்னாங்களாம்மா?”

போர்வையை மடித்து நாற்காலியின் மேல் வைத்தார். “அவன் பிள்ளைங்க என்கூடத்தான் பள்ளிக்கூடம் வந்தாங்க” என்று சொல்லிவிட்டு, அடுப்படி விளக்கை அணைக்கப் போனார்.