ஆடிக்கு முன் பேஸ்: வடசென்னை மேடைக்கான நாட்குறிப்பு

ஜூலை 5, 2025, சனி

ஆடி பிறக்க இன்னும் 12 நாள். பிறந்துவிட்டால் காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, ஓட்டேரி என்று தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் பகலில் கூழ், இரவில் கச்சேரி. பேஸ் கிட்டார் வாசிக்கிற பசங்க இந்த வாரம் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த ஆம்ப்ணா வாங்கலாம்?"

ஆம்ப், அதாவது பேஸின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, கடைசி. தெருக் கச்சேரியில் ஜனங்கள் காதுக்குப் போவது சவுண்ட் சர்வீஸ்காரர் அடுக்கி வைத்திருக்கும் பாக்ஸ் வழியாகத்தான். பக்கத்தில் வைக்கும் ஆம்ப், வாசிக்கிறவர் காதுக்கு மட்டும். கையில் இருக்கும் காசை முதலில் செட்டப்புக்கும் (கழுத்து, கம்பி உயரம், சுருதி எல்லாவற்றையும் சரிசெய்வது) புதுக் கம்பிக்கும் போடுங்கள். அடுத்து நல்ல கேபிள் இரண்டு. பிறகு சுருதி பார்க்கும் கிளிப் டியூனர், பேஸை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸ். மிச்சம் இருந்தால் ஆம்ப். செட்டப் சரியில்லாத பேஸை 300 வாட்டில் போட்டால் சுருதிப் பிசகும் கேபிள் கரகரப்பும்தான் பெரிதாகக் கேட்கும்.

பேஸே இனிமேல்தான் வாங்கவேண்டும் என்றால் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பைப் பார்த்து வாங்குங்கள். திருவிழாத் தெரு முழுக்க சீரியல் செட் ஓடும்; லைட் டிம்மர் மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் அந்த இரைச்சலை அப்படியே பிடித்து அனுப்பும். 1951-இல் ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸிலும் முதலில் சிங்கிள் காயில்தான். 1957-இல் அதை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியின் இரைச்சலை மறுபாதி அடித்துவிடும்படி மாற்றினார்கள். இன்று பி பேஸ் என்றாலே அந்தப் பிளந்த பிக்கப்தான். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப். இரண்டு வால்யூமும் முழுக்கத் திறந்திருக்கும்வரை இரைச்சல் அடங்கியிருக்கும், ஒன்றைக் குறைத்ததும் தலைதூக்கும். சீரியல் செட்டுக்கு நடுவே வாசிக்க பி பேஸ்தான் நிம்மதி.

ஜூலை 6, ஞாயிறு

செட்டப்பில் வரிசை மாறக்கூடாது. கம்பி, சுருதி, கழுத்து, கம்பி உயரம், இன்டொனேஷன் (கழுத்து முழுக்கச் சுருதி பிசகாமல் விழுவது), கடைசியில் பிக்கப். கழுத்தைத் தொட்டால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் நகரும். அதனால் இன்டொனேஷனை முதலில் பார்த்தவர் அதை இரண்டாம் தடவையும் பார்க்கவேண்டி வரும்.

கழுத்து வளைவை அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும். மியூசிக் கடையில் தேடி அலைய வேண்டாம். டூவீலர் மெக்கானிக் டேப்பட் வைக்க எடுக்கும் அதே தகடுகள்தான். ஸ்பேர்ஸ் கடையில் டேப்பட் கேஜ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பேஸை வாசிக்கும் நிலையில் பிடித்துக்கொள்ளுங்கள். மேசையில் மல்லாக்கப் போட்டால் அளவு பொய் சொல்லும். தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகத் தண்டு) கேப்போ என்ற கிளிப் போட்டு, கடைசி ஃப்ரெட்டில் விரலால் அழுத்துங்கள். அழுத்திய கம்பி ஒரு நேர்கோடு, அதற்குக் கீழே கழுத்து எவ்வளவு குழிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. 7-ஆம் ஃப்ரெட்டின் மேல் 0.35 மி.மீ. தகட்டை நுழையுங்கள். கம்பியைத் தூக்காமல், லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. தொடாமல் போனால் வளைவு அதிகம். நுழைய மறுத்தால் கழுத்து விறைத்திருக்கிறது.

கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடு என்ற இரும்புத் தண்டைக் கடிகாரச் சுற்றில் இறுக்கினால் இடைவெளி குறையும், எதிர்ச்சுற்றில் தளர்த்தினால் கூடும். ஒரு நேரத்தில் கால் திருப்புக்கு மேல் கூடாது. திருப்பியதும் திரும்பச் சுருதி சேர்த்துவிட்டுத்தான் அளக்கவேண்டும். இதில் பாழாகும் இடம் ஆலன் கீ. 5 மி.மீ. நட்டில் 3/16 இஞ்ச் கீ போகும். ஆனால் 3/16 என்பது 4.76 மி.மீ. அந்தக் கால் மில்லிமீட்டர் ஆட்டத்தில் நட்டின் ஆறு முனையும் மழுங்கி உருண்டைப் பள்ளமாகிவிடும். ராடு நட்டு மழுங்கிய கழுத்தைச் சரிசெய்வது பெரிய வேலை. கீ துளி ஆட்டமும் இல்லாமல் உட்கார்ந்தால் மட்டுமே திருப்புங்கள்.

உயரம் 12-ஆம் ஃப்ரெட்டில் ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., மெல்லிய ஜி கம்பிக்கு 2 மி.மீ. கானா, குத்து என்று ஓங்கி அடிக்கிறவர்கள் இரண்டிலும் 0.3 கூட்டிக்கொள்ளலாம். இன்டொனேஷனுக்கு 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஓசை) அதே இடத்தில் அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் கம்பி உட்காரும் சாடிலைப் பின்னுக்கு இழுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்குத் தள்ளுங்கள். பழைய கம்பியில் இதைச் செய்வது வீண். தேய்ந்து அழுக்கேறிய கம்பி ஒழுங்காகச் சுருதி காட்டாது.

பிக்கப்பை, கடைசி ஃப்ரெட்டை அழுத்திய நிலையில் ஈ பக்கம் சுமார் 3 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. இடைவெளி வரும்படி வையுங்கள். சத்தம் கூடட்டும் என்று இன்னும் ஏற்றினால் காந்தம் கம்பியை இழுக்கும். மேல் ஃப்ரெட்டில் ஈ கம்பி வாசித்தால் சுரம் நடுங்கி, இரண்டு சுருதி கலந்ததுபோல் கேட்கும்.

ஜூலை 8, செவ்வாய்

கம்பிக்கு 45, 65, 85, 105 செட் (தடிமன், ஆயிரத்தில் ஒரு இஞ்ச் கணக்கில்) போதும், நிக்கல் சுற்றியது. துறைமுகத்துக்குப் பக்கம் வாசிக்கிறவர்களுக்குக் காற்றில் உப்பு, விரலில் வியர்வை. கச்சேரி முடிந்த கையோடு பழைய பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் மேலும் பிடித்து உருவித் துடைக்கவேண்டும். மந்தமாகிப்போன கம்பியைக் கழற்றி 10 நிமிடம் கொதிக்கும் நீரில் போட்டு, நன்றாக உலர்த்தி மாட்டினால் ஒன்றிரண்டு கச்சேரிக்குப் பளிச்சென்று பேசும், அவ்வளவுதான். புதுக் கம்பியை வெட்டுமுன் செங்கோணமாக மடித்துவிட்டு வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் உள்கம்பியின் மேல் சுற்று வழுக்கி, சுரம் செத்துப்போகும்.

ஜூலை 10, வியாழன்

நான்கு கம்பியா ஐந்து கம்பியா? இதைக் கட்டையை, அதாவது பாடகரின் சுருதியை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

பாடகர் "ஒன்றரைக் கட்டை" என்பார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு சி-யிலேயே விரலை ஓட்டுவார். பேஸில் அந்தப் பட்டன் கிடையாது. கீபோர்டுக்காரர் கையைப் பார்த்து வாசித்தால் ஒரு சுரம் தள்ளித்தான் விழும். அவரிடம் கார்டு (சுரக்கூட்டு) கேட்காமல் பாடகரிடம் கட்டை கேளுங்கள். 1 சி, 1½ சி ஷார்ப், 2 டி, 2½ டி ஷார்ப், 3 ஈ. மூன்றரை கிடையாது, நேராக 4 எஃப். பிறகு 4½ எஃப் ஷார்ப், 5 ஜி, 5½ ஜி ஷார்ப், 6 ஏ, 6½ ஏ ஷார்ப், 7 பி. இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லவேண்டும்.

நான்கு கம்பியில் அடிமட்டம் ஈ, 41 ஹெர்ட்ஸ். 5 கட்டைப் பாட்டுக்கு சட்ஜம் ஈ கம்பியின் 3-ஆம் ஃப்ரெட்டில் கிடைத்துவிடும், கவலையில்லை. ஆண்குரல் 1, 1½, 2 கட்டையில் பாடும்போதுதான் கீழ்ச் சட்ஜம் அகப்படாது. ஏ கம்பியில் மேலே வாசிக்கவேண்டும். ஐந்து கம்பி பேஸில் டி, ஐந்தாவதாக வரும் தாழ் பி கம்பியின் 3-ஆம் ஃப்ரெட்டில் 36.7 ஹெர்ட்ஸ்; சி, முதல் ஃப்ரெட்டில் 32.7. ஆனால் வாடகைக்கு வரும் பாக்ஸ்களில் பெரும்பாலானவை 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் தராது. கேட்பது அதன் இரட்டிப்பு, 65, 73. ஆகவே ஐந்தாவது கம்பியின் உண்மையான லாபம் ஆழத்தைவிடக் கைக்குத்தான். 5-ஆம் ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் கையை நிறுத்திக்கொண்டே எல்லாக் கட்டைக்கும் போய்வரலாம். பாட்டுக்குப் பாட்டு கட்டை மாறும் ஆர்கெஸ்ட்ராவில் இது பெரிய உதவி. வாங்குமுன் பி கம்பியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். தொளதொளவென்று சுருதி ஏறி இறங்கினால் வேண்டாம். 130 அளவுக் கம்பி போட்டும் நிற்காவிட்டால் அந்தக் கழுத்து சரியில்லை.

இளையராஜா பாட்டுகளே அதிகம் வாசிக்கும் குழு என்றால் நான்கு கம்பி போதும். அந்தப் பாட்டுகளில் பேஸ் தாளத்தோடு நின்றுவிடாமல் பாடகருக்கு எதிரே இன்னொரு மெட்டாக ஓடும். மேல் ஃப்ரெட்டில் ஒவ்வொரு சுரமும் தெளிவாக விழுவதுதான் அங்கே முக்கியம். ஒரு பாட்டுக்கு மட்டும் 2 கட்டையின் கீழ்ச் சட்ஜம் வேண்டுமென்றால் ஈ கம்பியை டி-க்கு இறக்கிக்கொள்ளலாம்.

ஜூலை 13, ஞாயிறு

கேபிளை நாமே கட்டிக்கொள்வது நல்லது. 6 மீட்டர் கிட்டார் கேபிள், 6.35 மி.மீ. மோனோ ஜாக் இரண்டு. ஜாக்கை ரிச்சி தெருவில் பி-38 என்று கேளுங்கள். பாசிவ் (உள்ளே பேட்டரி இல்லாத) பேஸுக்கு 15 மீட்டர் கேபிள் போட்டால் கேபிளே டோன் குமிழ் மாதிரி வேலை செய்து மேல்சத்தத்தைத் தின்றுவிடும்.

முதலில் ஜாக்கின் மூடியைக் கேபிளில் கோர்த்துவிடுங்கள். பற்றவைத்த பிறகு கோர்க்க வழியில்லை. வெளித்தோலை 2 செ.மீ. உரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிப் பின்னலைப் பிரித்து முறுக்குங்கள். இப்போது நடுக்கம்பியின் இன்சுலேஷனைச் சுற்றிக் கறுப்பாக மெல்லிய தோல் ஒன்று தெரியும். பலர் அதை இன்சுலேஷன் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக், கேபிள் அசையும்போது வரும் சடசடப்பை அடக்க வைத்தது. அது நடுக்கம்பி பற்றவைத்த இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் சத்தம் மங்கும். பிளேடால் சுற்றிக் கீறி, 5 மி.மீ. பின்னுக்கு உரித்து எடுத்துவிடவேண்டும். நடுக்கம்பி நுனிக்கு, பின்னல் உடம்புக்கு. சோல்டரிங் அயர்னை மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் இன்சுலேஷன் உருகி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கக் கவ்வி வெளித்தோலைக் கவ்வவேண்டும், பின்னலை அல்ல. முடிந்ததும் மல்டிமீட்டரைப் பீப்பில் வைத்து நுனிக்கு நுனி, உடம்புக்கு உடம்பு பாருங்கள். நுனிக்கும் உடம்புக்கும் நடுவே பீப் வரக்கூடாது. கேபிளை ஆட்டிக்கொண்டே பாருங்கள்.

ஜூலை 16, புதன்

டி.ஐ. பாக்ஸ். பேஸிலிருந்து வருவது பலவீனமான சிக்னல். மேடையிலிருந்து மிக்சர் வரை 30 மீட்டர் போனால் தேய்ந்து இரைச்சல் ஏறும். டி.ஐ. அதை மைக் கேபிளில் போகும், இரைச்சல் எளிதில் ஏறாத பேலன்ஸ்டு சிக்னலாக மாற்றித் தரும். பாசிவ் பேஸ் என்றால் உள்ளீட்டு எதிர்ப்பு 1 மெகா ஓம் அளவு உள்ள ஆக்டிவ் டி.ஐ. வேண்டும். அதற்கு மிக்சரிலிருந்து மைக் கேபிள் வழியே 48 வோல்ட் மின்சாரம் வரவேண்டும், அதுதான் பேன்டம். "பேன்டம் போடுங்கண்ணா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பேட்டரி. உள்ளே பேட்டரி உள்ள ஆக்டிவ் பேஸுக்கு பாசிவ் டி.ஐ. போதும், அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை.

ஆம்ப் வாங்குகிறவர்கள் ஓம் கணக்கை மறக்கக்கூடாது. 8 ஓம் பாக்ஸ் இரண்டு சேர்ந்தால் 4 ஓம். 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். பின்பக்கம் குறைந்தபட்சம் 4 என்று எழுதியிருக்கும் ஆம்ப் அதில் சூடேறி அணையும் அல்லது எரியும். பாக்ஸுக்குப் போவது ஸ்பீக்கர் கேபிள்தான். கிட்டார் கேபிளைச் செருகினால் மெல்லிய கம்பி சூடாகும்.

ஜூலை 20, ஞாயிறு, முதல் ஆடி ஞாயிறு

இன்றைக்கு எழுதவேண்டியது கரண்ட் பற்றி மட்டும். உயிர் விஷயம்.

மேடைக்கு லைன் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள்: ஜெனரேட்டரா, தெருக் கம்பமா, பக்கத்து வீடா. எதையும் செருகுமுன் மல்டிமீட்டரை ஏசி 750-இல் வைத்து ஜங்ஷன் பாக்ஸில் மூன்று அளவு எடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 210 முதல் 250 வரை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 3 வோல்ட்டுக்குள். இரண்டாவது அளவு பாதியாகவோ ஆடிக்கொண்டோ இருந்தால் எர்த் இல்லை. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு பக்க லைட் மங்கி மறுபக்கம் கண்ணைக் கூசும்படி எரியும். அந்த நொடியே பிளக்கைப் பிடுங்குங்கள். 415 வரை ஏறக்கூடும்.

பிறகு, பாடுமுன் இன்னொரு அளவு: மீட்டரின் ஒரு முனை பேஸ் கிட்டார் கம்பியில், மறுமுனை மைக் வலையில். ஆம்பும் சவுண்ட் சர்வீஸும் வேறு வேறு லைனில் இருந்தால் இங்கே 60, 80 வோல்ட் காட்டக்கூடும். கம்பியில் கை, மைக்கில் உதடு, நடுவே உடம்பு. அப்படிக் காட்டினால் யார் அவசரப்படுத்தினாலும் வாசிக்கக் கூடாது. இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து எடுத்து, திரும்ப அளக்கவேண்டும். இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவதை எந்த மேடையிலும் விடாதீர்கள். இரைச்சலுக்கு டி.ஐ.-யில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னல் வழியை மட்டும் அறுக்கும், பாதுகாப்பு எர்த்தைத் தொடாது.

ஜூலை 21, திங்கள்

சவுண்ட் செக். எலக்ட்ரானிக் பேடில் வரும் கிக் டிரம் சத்தம் 50, 60 ஹெர்ட்ஸில் அடிக்கும். டோலக்கின் இடப்பக்கமும் கீழேதான் பேசும். பேஸையும் அங்கேயே ஏற்றினால் மூன்றும் ஒரு கும்மென்ற சத்தமாகி, எந்தச் சுரம் என்று யாருக்கும் தெரியாது. மிக்சரில் 40-க்குக் கீழே வெட்டச் சொல்லி, 80 முதல் 100 வரை உடம்பு கொடுத்து, 250 சுற்றி கொஞ்சம் குறையுங்கள். இரண்டு பக்கமும் வீடு நெருங்கிய தெருவில் அங்கேதான் எதிரொலி தேங்கும். 700 முதல் 1000 வரை லேசாக ஏற்றினால் விரல் கம்பியில் விழுவது கேட்கும். கோடியில் நிற்கிறவருக்குச் சுரம் புரிவது அதனால்தான். வீட்டில் தனியாக வாசிக்கும்போது இந்தச் சத்தம் சப்பென்று இருக்கும்; அங்கே இனித்த டோனை மேடைக்குக் கொண்டுவராதீர்கள்.

ஆம்பைத் தரையில் வைக்காமல் நாற்காலிமேல் சாய்த்து, முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். மரப்பலகை மேடை அதிராது. பாதி சத்தத்திலேயே நமக்குக் கேட்கும்.

ஜூலை 27, ஞாயிறு

ஆக்டிவ் பேஸில் கேபிள் செருகியிருக்கும்வரை 9 வோல்ட் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். இடைவேளையில் பிடுங்கிவிடுங்கள். மீட்டரில் 8-க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். சத்தம் உடைந்து கரகரத்த பிறகு பாட்டுக்கு நடுவே மாற்ற முடியாது.

ஸ்ட்ராப் கழலாமல் இருக்கப் பட்டன்மேல் ரப்பர் குழாய் வாஷர் ஒன்று, பட்டனின் தலையைத் தாண்டி இறுக்கமாக நுழையும் அளவில். 4 கிலோ பேஸை மூன்று மணி நேரம் சுமக்க 3 இஞ்ச் அகல ஸ்ட்ராப்.

சாயங்காலம் கடற்கரைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் ஆம்ப், டி.ஐ., ஜங்ஷன் பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனியாக பாலிதீன் ஷீட். ஜங்ஷன் பாக்ஸைத் தரையிலிருந்து தூக்கிச் செங்கல் மேல் வையுங்கள். மழை தொட்டால் மெயினை அணைத்துவிட்டுத்தான் கேபிளைச் சுருட்டவேண்டும்.