65010க்கு மேலே ஒன்றுமில்லை

மேட்டூர் திறந்து பதினைந்து நாளாகியும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை. ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. கல்லணையில் காவிரியை விட்டுப் பிரியும் வெண்ணாறு நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று மறுபடியும் பிரிகிறது. அங்கிருந்து கிளை கிளையாக இறங்கி எங்கள் வயலைத் தொடுவதற்குள் எத்தனையோ மதகுகள். அப்பா தினமும் விடியற்காலையில் வாய்க்கால் வரை போய்விட்டு வந்து பேசாமல் திண்ணையில் உட்காருவார். நான் மாடியறையில் இருந்தபடி, சென்னையிலுள்ள ஒரு டேட்டா சென்டரின் நெட்வொர்க்கைக் கவனிக்கிறேன். அந்த வாரம் இரவுப் பணி.

பதினொன்றரை மணிக்கு அழைப்பு வந்தது. சர்வர்களிலிருந்து வெளியே போகும் இணைப்புகளில் "சில" நிற்கின்றன என்றார்கள். எல்லாமே நின்றிருந்தால் எங்கே தேடுவது என்பது எளிது. இங்கோ ஒரே விர்ச்சுவல் மெஷினிலிருந்து, அதாவது சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் ஒரே கணினியிலிருந்து, ஒரு முகவரிக்குப் போகிறது, அடுத்த முகவரிக்குப் போகவில்லை. உள்ளுக்குள் மெஷினுக்கு மெஷின் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் முறைக்குப் பெயர் பிஜிபி. அதில் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஓர் எண் உண்டு. விர்ச்சுவல் மெஷின்களுக்கு மேலே ஓர் உள் ரவுட்டர், அதன் பிஜிபி எண் 65020. அதற்கு மேலே எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டர் மென்பொருள் ஓடும் இரண்டு எட்ஜ் ரவுட்டர்கள், அதாவது வெளியே போகும் எல்லையில் நிற்பவை. அவையும் விர்ச்சுவல் மெஷின்களே, இரண்டுக்கும் எண் 65010. அதற்கும் மேலே 65001 என்ற எண்ணில் உண்மையான சுவிட்ச்கள். பட்டியலில் இல்லாத எந்த முகவரிக்கும் "இந்தப் பக்கம் போ" என்று காட்டும் 0.0.0.0/0, அதாவது டீஃபால்ட் ரூட், இரண்டு எட்ஜ்களிடமிருந்தும் உள் ரவுட்டருக்கு வருகிறது. இரண்டும் சமமாக இருப்பதால் அது இணைப்புகளை முகவரி, போர்ட் எண்களை வைத்துக் கணக்கிட்டு இரண்டு பக்கமும் பிரித்து அனுப்புகிறது. ஓர் இணைப்பு எந்த எட்ஜுக்குப் போனதோ அங்கேயேதான் போய்க்கொண்டிருக்கும். ஆகவே "சில" என்றதும் இரண்டில் ஓர் எட்ஜ் கெட்டிருக்கிறது என்று தோன்றியது.

ஆனால் கண்காணிப்புத் திரையில் எல்லாமே பச்சை. பிஜிபி அமர்வுகள் அத்தனையும் உயிரோடு இருந்தன. அமர்வில் அவ்வப்போது போய்வரும் கீப்அலைவ் என்ற செய்தி, பக்கத்து ரவுட்டர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். அது என்ன பாதைகளைக் கொடுத்தது என்று சொல்லாது. முதல் எட்ஜின் பாதைப் பட்டியலைத் திறந்தேன். அதில் 0.0.0.0/0 இல்லை. பாக்கெட்டுகளை, அதாவது நெட்வொர்க்கில் ஓடும் தரவுத் துண்டுகளைப் பிடித்துப் பார்த்தபோது, உள்ளிருந்து வரும் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் "அந்த நெட்வொர்க்கை அடைய முடியாது" என்று எட்ஜ் நேர்மையாகப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு ஃபயர்வால் விதி அந்தப் பதிலைத் தடுத்ததால் செயலிகளுக்கு வெறும் மௌனம்தான் கிடைத்தது.

தன்னிடமே டீஃபால்ட் இல்லாத எட்ஜ் அதைக் கீழே எப்படிக் கொடுக்கிறது?

போன வருடம் ஒரு நாள் வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டது என்று பக்கத்து வயல்காரர் விதை தெளிக்கக் கிளம்பினார். அப்பா கரையில் நின்று பார்த்துவிட்டு, "சருகே வரவில்லையே, தம்பி. இது நேற்றுப் பெய்த மழை" என்றார். வருடத்தின் முதல் ஆற்றுத் தண்ணீர் தான் கடந்துவந்த கரைகளின் சருகையும் நுரையையும் ஆகாயத்தாமரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு வரும். வெறும் தண்ணீருக்கு வந்த வழி கிடையாது.

பிஜிபி பாதையிலும் அப்படி ஒரு தடயம் உண்டு. ஒவ்வொரு நெட்வொர்க்கையும் தாண்டும்போது அதன் எண் பாதையில் ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து வந்த டீஃபால்ட் என்றால் உள் ரவுட்டரில் 65010 65001 என்று தொடங்கி மேலே நீள வேண்டும். நான் பார்த்தபோது இருந்தது 65010 மட்டும். அந்தப் பாதை எட்ஜிலேயே பிறந்தது. கான்ஃபிகரேஷனில் உள் ரவுட்டருக்கு நேராக டீஃபால்ட்-ஒரிஜினேட் என்ற கட்டளை இருந்தது. நிபந்தனை எதுவும் சேர்க்காமல் எழுதினால், தன் பட்டியலில் டீஃபால்ட் இருக்கிறதா என்று பார்க்காமலேயே அது அறிவித்துவிடும். இரண்டாவது எட்ஜ் கொடுக்கும் பாதை உள் ரவுட்டர் வழியாக முதல் எட்ஜுக்கு வந்து உதவவும் முடியாது. பாதையில் தன் எண்ணான 65010 இருப்பதைக் கண்டதும், தன்னிடமே திரும்பிவரும் சுழல் என்று முதல் எட்ஜ் அதைத் தள்ளிவிடும்.

முதல் எட்ஜுக்கும் உள் ரவுட்டருக்கும் இடையிலிருந்த அமர்வை நிறுத்தினேன். எல்லாம் இரண்டாவது வழியாக ஓடத் தொடங்கியது. மணி ஒன்று.

பிறகு மேல் சுவிட்சைப் பார்ப்பவர்களிடம் கேட்டேன். எந்தெந்தப் பாதைகளை விடலாம் என்று சொல்லும் பிரிஃபிக்ஸ்-லிஸ்ட்டை அன்று மாலை இறுக்கியிருந்தார்கள். அதில் சாய்கோட்டுக்குப் பின் வரும் எண்தான் நீளம். 32 வரை எல்லா நீளத்தையும் அனுமதிக்கும் 0.0.0.0/0 வரி எதையும் உள்ளே விடும் என்பதால் அதை நீக்கிவிட்டு 10 என்று தொடங்கும் முகவரிகளான 10.0.0.0/8க்குள் 24 வரை மட்டும் அனுமதித்திருந்தார்கள். நோக்கம் சரியானதே. ஆனால் டீஃபால்ட்டும் அந்த வரியில்தான் வந்துகொண்டிருந்தது. நீள வரம்பு சேர்க்காமல் 0.0.0.0/0 என்று ஒரு வரி எழுதினால் டீஃபால்ட் மட்டும் வரும், அதைச் சேர்த்தார்கள். இரண்டாவது சுவிட்சுக்கு இதே மாற்றம் மறுநாள் இரவு நடப்பதாக இருந்தது. நடந்திருந்தால் "சில" என்ற சொல்லுக்கே இடமிருந்திருக்காது.

முதல் எட்ஜுக்கு டீஃபால்ட் வந்தது. டீஃபால்ட்-ஒரிஜினேட்டை எடுத்துவிட்டு, நிறுத்திய அமர்வை மீண்டும் தொடங்கினேன். உள் ரவுட்டருக்கு அந்த எட்ஜிலிருந்து டீஃபால்ட் போகவில்லை. எட்ஜின் வெளிச்செல்லும் வடிகட்டியிலும் 10.0.0.0/8 மட்டும்தான் அனுமதி. பழைய புதிர் அப்போதுதான் அவிழ்ந்தது: எப்போதோ யாரோ இதே இடத்தில் மாட்டிக்கொண்டு, வடிகட்டியில் ஒரு வரி சேர்ப்பதற்குப் பதிலாக அந்தக் கட்டளையைப் போட்டிருக்க வேண்டும். சேவை நின்ற நேரத்தில் செய்ததாக இருக்கலாம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெளியே போக ஒரே வழி உள்ள இடத்தில் அந்தக் கட்டளையால் பெரிய கெடுதல் இல்லை. இரண்டு வழி இருக்கும் இடத்தில், நல்ல வழி ஒன்று திறந்திருக்கும்போதே பாதி இணைப்புகளைக் கொன்றுவிடுகிறது. அங்கே அதற்கு இடமே கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வடிகட்டியில் வரியைச் சேர்த்த பிறகும் உள் ரவுட்டர் இரண்டாவது எட்ஜையே பிடித்துக்கொண்டிருந்தது. அங்கே பழைய கட்டளை இன்னும் இருந்ததால் அதன் பாதை குட்டையாக இருந்தது. பிஜிபி குட்டையானதையே விரும்பும். அங்கும் மாற்றியதும் இரண்டும் 65010 65001 என்று தொடங்கிச் சமமாக நின்றன. முதல் எட்ஜின் மேல் அமர்வை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன். உள் ரவுட்டரில் அதன் டீஃபால்ட் உடனே மறைந்தது. ஓர் இணைப்பும் தொங்கவில்லை.

கீழே இறங்கியபோது அப்பா வாய்க்காலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு வாடிக்கையாளர்களின் நெட்வொர்க்கில் அதே கட்டளை இருக்கிறது. சனிக்கிழமை இரவு மாற்ற அனுமதி கேட்டிருக்கிறேன். வாய்க்காலுக்கு நேற்று மாலை தண்ணீர் வந்தது, முன்னால் ஒரு முழத்துக்குச் சருகோடு.